இறைச்சி உண்ணும் சமூகத்தில் சைவக் குழந்தையை வளர்ப்பது: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

சுற்றியிருக்கும் பெரும்பாலானோர் இறைச்சி உண்ணும் இடத்தில், தம் குழந்தையைச் சைவமாக வளர்க்கத் தீர்மானிக்கும் பெற்றோருக்கு இரண்டு பொறுப்புகள் ஒருசேர வந்து சேர்கின்றன. குழந்தையின் உடலுக்கு வேண்டிய சத்துகளில் ஒன்றும் குறையாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. பிறர் தட்டைப் பார்த்து ஏங்காமலும் முகம் சுளிக்காமலும் அந்தக் குழந்தை எந்த மேசையிலும் இயல்பாக உட்கார்ந்து உண்ணும்படி வளர்ப்பது மற்றொன்று. முதலாவதைத் திட்டமிட்டு நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதற்குப் பல ஆண்டுப் பொறுமையும் பேச்சும் தேவைப்படும். சத்துக் கணக்கில் மட்டும் கவனமாக இருந்துவிட்டுக் குழந்தையின் மனத்தைக் கவனிக்காமல் விட்டாலும், கொள்கையை மட்டும் ஊட்டிவிட்டு இரும்புச்சத்தை மறந்தாலும், பாதிக்கப்படுவது குழந்தைதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டுக்குள் ஒரே முடிவுக்கு வருதல்

சைவம் என்னும் ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் புரிந்துகொள்கிறார்கள். பாலும் முட்டையும் சேர்ப்பவர்கள் உண்டு. பால் மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. விலங்கிலிருந்து வரும் எதையுமே தொடாத வீகன் குடும்பங்களும் உண்டு. குழந்தைக்கு எந்த வகை என்பதைப் பெற்றோர் இருவரும் முதலில் பேசித் தெளிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் சத்துக் கணக்கு முழுவதும் அந்த முடிவைப் பொறுத்தே மாறுகிறது. முட்டையும் பாலும் சேர்க்கும் குழந்தைக்குத் திட்டமிடுவது ஓரளவு எளிது. வீகன் குழந்தைக்கு மருத்துவரின் துணையும் சத்து மாத்திரைகளும் கட்டாயம் வேண்டும்.

மருத்துவ அமைப்புகளின் கருத்தை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. அமெரிக்காவின் ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அகாடமி, சரியாகத் திட்டமிடப்பட்ட சைவ உணவும் வீகன் உணவும் கைக்குழந்தைப் பருவம் உட்பட வாழ்வின் எல்லாக் கட்டங்களுக்கும் ஏற்றவை என்று 2016இல் அறிவித்தது. அதே அமைப்பு 2025இல் வெளியிட்ட புதிய அறிக்கை வயது வந்தோரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் குழந்தைகளுக்கு வீகன் உணவைப் பரிந்துரைக்கவில்லை என்று 2016இல் கூறியது. 2024இல், ஆதரித்தோ எதிர்த்தோ தெளிவாகச் சொல்லப் போதிய தரவுகள் இல்லை என்னும் நிலைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 6 முதல் 23 மாதக் குழந்தைகள் இறைச்சி, மீன், முட்டை போன்ற விலங்குவழி உணவுகளை நாள்தோறும் உண்ண வேண்டும் என்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: சைவமாகக் குழந்தையை நலமாக வளர்க்க முடியும், ஆனால் கவனமில்லாமல் வளர்க்க முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தக் கவனம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

பெற்றோரில் ஒருவர் இறைச்சி உண்பவராக இருந்தால், வீட்டில் சமைப்பதா, வெளியில் மட்டும் உண்பதா, குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வது என்பவற்றையெல்லாம் குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். அம்மா ஒன்று சொல்ல அப்பா வேறொன்று சொல்லும் வீட்டில் உணவு ஒரு பேரம் பேசும் பொருளாகிவிடும்.

இரண்டாம் படி: தாயின் உணவிலிருந்து தொடங்குதல்

குழந்தையின் சத்துக் கணக்கு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. வைட்டமின் பி12 பற்றாக்குறை உள்ள தாயின் குழந்தை குறைந்த இருப்போடுதான் பிறக்கிறது, தாய்ப்பாலிலும் அதற்குப் போதிய அளவு கிடைப்பதில்லை. இதன் விளைவுகள் பொதுவாக நான்காம் மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் வெளிப்படுகின்றன. குழந்தை சோர்ந்து கிடக்கும். பால் குடிக்க மறுக்கும். சிரிப்பது, தலை நிமிர்த்துவது போன்று முன்பு கற்றுக்கொண்டவற்றைக்கூட இழக்கத் தொடங்கும். சிகிச்சை தாமதமானால் நரம்பு மண்டலத்தில் நிலையான பாதிப்பு ஏற்படக்கூடும். எனவே சைவத் தாய்மார்கள் கருவுற்ற காலத்திலேயே பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீகன் தாய்மார்கள் கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் பி12 மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தாய்ப்பால் இல்லாத நிலையில் கைக்குழந்தைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மாவு வேண்டும். வீகன் குடும்பத்துக்குச் சோயாவில் செய்யப்பட்ட குழந்தைப் பால்மாவு உண்டு. பெரியவர்கள் குடிக்கும் பாதாம் பால், ஓட்ஸ் பால், அரிசிப் பால் ஆகியவற்றைக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கவே கூடாது. அவற்றில் குழந்தை வளரத் தேவையான புரதமும் கொழுப்பும் கிடையாது.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு, பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்து இருப்பு கரையத் தொடங்குகிறது. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. இது வயது வந்த ஓர் ஆணுக்குத் தேவையான 8 மில்லிகிராமைவிட அதிகம். ஆகவே முதல் திட உணவுகளிலேயே நன்றாக வேகவைத்து மசித்த பருப்பும், இரும்புச்சத்து செறிவூட்டப்பட்ட குழந்தைத் தானிய உணவும் இடம்பெற வேண்டும். காய்கறிக் கூழும் பழக்கூழும் மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பது போதாது. முழுக் கொட்டைகள் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால், ஐந்து வயதுவரை அவற்றை அரைத்தோ மெல்லிய விழுதாகவோதான் கொடுக்க வேண்டும். ஒரு வயது நிறைவதற்கு முன் தேன் வேண்டாம்.

மூன்றாம் படி: எந்தச் சத்தைப் பற்றிக் கவலைப்படுவது என்று அறிதல்

சைவக் குழந்தையைப் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது புரதத்தைப் பற்றித்தான். ஆனால் புரதத்தைவிட இரும்புச்சத்தும் பி12உம்தான் அதிகக் கவனம் கோருகின்றன. ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ஒரு நாளில் வேகவைத்த மசூர்ப் பருப்பு அரை கப், கொண்டைக்கடலை அரை கப், பால் இரண்டு கப் சாப்பிடுகிறது என்று கொள்வோம். பருப்பில் சுமார் 9 கிராம், கடலையில் 7 கிராம், பாலில் 16 கிராம் என மொத்தம் ஏறத்தாழ 32 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. 4 முதல் 8 வயதுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 19 கிராம்தான். தானியங்களில் உள்ள புரதத்தை இதில் சேர்க்கவே இல்லை. தாவரப் புரதம் செரிப்பது சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும் பற்றாக்குறை இல்லை. ஒவ்வொரு வேளையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்ற பழைய கட்டாயமும் இல்லை. ஒரு நாளுக்குள் பருப்பும் தானியமும் கலந்து வந்தால் போதும்.

அதே தட்டில் இரும்புச்சத்தைப் பார்த்தால் கதை வேறு. பருப்பிலும் கடலையிலும் சேர்த்து 5 அல்லது 6 மில்லிகிராம்தான் வருகிறது. பாலில் அறவே இல்லை என்று சொல்லலாம். இந்த வயதுக்கு 10 மில்லிகிராம் வேண்டும். தாவரங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே உறிஞ்சிக்கொள்கிறது என்பதால், சைவ உணவு உண்பவர்கள் 1.8 மடங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க வல்லுநர் குழு கணித்தது. அப்படியானால் ஐந்து வயதுக் குழந்தைக்கு 18 மில்லிகிராம். சிறிய வயிற்றுக்கு இது எளிதல்ல. ஆகவே எவ்வளவு உண்கிறது என்பதோடு, உண்டதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சேர்வதைக் கூட்டும் வழிகள் அடுக்களையிலேயே இருக்கின்றன. வைட்டமின் சி தாவர இரும்பின் உறிஞ்சுதலைக் கூட்டுகிறது. ஆனால் அது அதே வேளையில் உண்ணப்பட வேண்டும். காலையில் ஆரஞ்சும் மதியம் பருப்பும் கொடுப்பதால் பயனில்லை. கடலையை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறியதும் எலுமிச்சைச் சாற்றைப் பிழிவது, பருப்போடு சமைக்காத தக்காளித் துண்டுகளையோ குடைமிளகாயையோ வைப்பது, உணவு முடிந்ததும் கொய்யாத் துண்டு கொடுப்பது ஆகியவை போதும். பயறுகளை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டிச் சமைத்தால் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. தேநீரும் காபியும் உறிஞ்சுதலைத் தடுப்பவை. குழந்தைகளுக்கு அவை தேவையும் இல்லை. பாலை உணவோடு கொடுக்காமல் இரு வேளைகளுக்கு நடுவில் கொடுக்கலாம். நாள் முழுவதும் பால் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இரத்தசோகை வருவதைக் குழந்தை நல மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். சைவ வீடுகளில் பால் அளவுக்கு மீறிப் போற்றப்படுவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது பி12. இதில் சமரசத்துக்கே இடமில்லை. தாவர உணவு எதுவும் நம்பத்தக்க அளவில் இதைத் தருவதில்லை. சத்துப்பொடியாக விற்கப்படும் ஸ்பைருலினா என்னும் பாசியிலும் கடற்பாசி வகைகள் பலவற்றிலும் இருப்பது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். இரத்தப் பரிசோதனையைக் குழப்பவும் அது காரணமாகலாம். 1 முதல் 3 வயதுக்கு 0.9, 4 முதல் 8 வயதுக்கு 1.2, 9 முதல் 13 வயதுக்கு 1.8 மைக்ரோகிராம் எனத் தேவை மிகச் சிறியதுதான். ஒரு கப் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேலும் ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராமும் கிடைப்பதால், இவற்றை நாள்தோறும் உண்ணும் குழந்தைக்கு வழக்கமாகப் பற்றாக்குறை வராது. பால் பிடிக்காத, முட்டை உண்ணாத குழந்தைக்கும் வீகன் குழந்தைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும். கீரையிலும் பயறிலும் மிகுந்திருக்கும் ஃபோலேட், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடக்கூடும். நரம்பு பாதிப்போ உள்ளுக்குள் தொடரும். குழந்தை துறுதுறுவென்று இருக்கிறதே என்று எண்ணி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கால்சியத்தைப் பொறுத்தவரை 4 முதல் 8 வயதுக்கு 1000 மில்லிகிராம் தேவை. பால், தயிர், கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு, கால்சியம் சேர்த்த சோயாப் பால் ஆகியவை நல்லவை. பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் அதில் உள்ள ஆக்சலேட் காரணமாக உடலுக்குக் கிடைப்பது சொற்பமே. வைட்டமின் டி முதல் ஆண்டில் 400, பிறகு 600 சர்வதேச அலகு வேண்டும். இது இறைச்சி உண்ணும் குழந்தைகளுக்கும் பொருந்தும். அயோடின் சேர்த்த உப்பே வீட்டில் இருக்கட்டும். மீன் உண்ணாத குழந்தைக்கு ஆளிவிதைப் பொடியோ வால்நட் விழுதோ ஒமேகா-3 கொழுப்பைத் தரும்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று ஆற்றல். முழுத்தானியமும் காய்கறியும் நார்ச்சத்து மிக்கவை. குழந்தையின் வயிறு அவற்றால் விரைவில் நிரம்பிவிடுகிறது, கலோரி போதாமல் போகிறது. பெரியவர்கள் எடை குறைக்க உண்ணும் உணவைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணெய், வெண்ணெய், கொட்டை விழுது, அவகாடோ போன்றவை குழந்தையின் தட்டில் தாராளமாக இருக்கலாம்.

நான்காம் படி: வளர்ச்சியை அளந்து பார்த்தல்

டொரோண்டோவில் ஏறத்தாழ 9,000 குழந்தைகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், சைவக் குழந்தைகளின் உயரமும் இரும்பு, வைட்டமின் டி இருப்புகளும் இறைச்சி உண்ணும் குழந்தைகளுடையதை ஒத்தே இருந்தன. ஆனால் எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு சைவக் குழந்தைகளிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இந்த இரண்டு முடிவுகளையும் பெற்றோர் சேர்த்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும். உயரத்தையும் எடையையும் குறித்த இடைவெளியில் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறித்துவாருங்கள். ஒரு முறை குறைந்திருப்பது பெரிதல்ல. குழந்தை தனக்கு வழக்கமான கோட்டிலிருந்து தொடர்ந்து கீழே இறங்குவதுதான் எச்சரிக்கை.

மருத்துவரிடம் குழந்தையின் உணவு முறையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், தேவைப்பட்டால் பி12ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இறைச்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்குமேல் எதுவும் சொல்லாத மருத்துவர் வாய்த்தால், சண்டை பிடிப்பதைவிடச் சைவ உணவில் அனுபவமுள்ள உணவியல் நிபுணரைத் தேடிப் போவது பயன் தரும். அதேபோல், மருத்துவர் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொன்னால் அதைக் கொள்கைமீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ளாமல் உடனே சரிசெய்ய வேண்டும். சில மருந்து உறைகளிலும் சில தடுப்பூசிகளிலும் ஜெலட்டின் இருக்கும். மாற்று உண்டா என்று கேட்கலாம். மாற்று இல்லையென்றால் குழந்தையின் தடுப்பூசியை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: உறவினர்களோடு பேசுதல்

பாட்டிகளும் அத்தைகளும் மாமாக்களும் குழந்தைக்கு இறைச்சி ஊட்ட முயல்வது பெரும்பாலும் அன்பினால்தான். அவர்கள் பிள்ளைகளை வளர்த்த முறை அது. தெம்பு என்றால் அவர்களுக்கு இறைச்சிதான். குழந்தை மெலிந்து தெரிந்தால் அவர்கள் மனம் பதறுகிறது. இதை உணராமல் கொள்கை விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அவர்கள் வளர்ப்பைக் குறைசொல்வதுபோல் ஆகிவிடும். பரிசோதனை முடிவையும் வளர்ச்சி வரைபடத்தையும் அமைதியாகக் காட்டுவது வாதத்தைவிட வலுவானது. அதோடு அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: “அத்தை, நீங்க செய்ற பருப்புன்னா அவ ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவா. வரும்போது அதைச் செஞ்சு வைக்கிறீங்களா?” ஊட்டி மகிழும் உரிமையைப் பறிக்காமல், எதை ஊட்டுவது என்பதை மட்டும் மாற்றிவிடுகிறது இந்தக் கேள்வி.

நீங்கள் இல்லாத வேளையில் கொடுத்துவிடுவார்களோ என்ற ஐயம் இருந்தால், குழந்தையைக் காவலாளியாக்காதீர்கள். “பாட்டி கொடுத்தாங்களா, உண்மையைச் சொல்லு” என்று விசாரிப்பது குழந்தையைப் பாட்டிக்கும் பெற்றோருக்கும் நடுவில் நிறுத்திவிடும். பேச வேண்டியதைப் பெரியவர்களிடமே நேராகப் பேசுங்கள். குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது மறுக்கும் விதம் மட்டுமே. “ஒரு வாய் சாப்பிட்டா என்னாகிடும் கண்ணு?” என்று பாட்டி கேட்கும்போது, “எனக்கு வேணாம் பாட்டி, அந்தக் கிழங்கு இன்னும் கொஞ்சம் போடுங்க” என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படாது. மறுப்போடு ஒரு வேண்டுகோளும் சேர்ந்து வருவதால் கொடுப்பவர் கையும் வெறுமையாகத் திரும்புவதில்லை. வீட்டில் விளையாட்டாக இதை நடித்துப் பழக்கலாம்.

ஆறாம் படி: பள்ளி, விருந்து, கடைப் பொருட்கள்

பள்ளியில் சேர்க்கும்போதே எதை உண்ணும், எதை உண்ணாது என்பதை எழுத்தில் கொடுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீனும் இறைச்சிச் சாறும் அதில் அடங்கும் என்று சிலர் எண்ணிக்கொள்வார்கள். எனவே இறைச்சி, கோழி, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

பிறந்தநாள் விருந்துகளில் குழந்தையைத் தனிமைப்படுத்துவது பெரும்பாலும் இனிப்புகள்தான். மெல்லும் மிட்டாய்கள், மார்ஷ்மெல்லோ, ஜெல்லி வகைகள் பலவற்றில் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் உண்டு. சில சீஸ் வகைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. இ120 என்று குறிக்கப்படும் சிவப்பு நிறம் ஒரு பூச்சியிலிருந்து வருகிறது. விருந்துக்கு முந்தைய நாளே அழைத்தவர்களிடம் என்ன பரிமாறப்போகிறார்கள் என்று கேட்டு, அதே போன்ற ஒன்றைச் செய்து அனுப்புங்கள். எல்லோருக்கும் போதுமான அளவில் அனுப்பினால் இன்னும் சிறப்பு. அப்போது அது தனிக் குழந்தையின் தனி டப்பாவாக இருக்காது. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பொட்டலத்தின் மேலுள்ள பட்டியலைக் குழந்தையே படிக்கட்டும்.

தெரியாமல் ஒரு நாள் இறைச்சி உண்டுவிட்டால் பதறாதீர்கள். குமட்டும்படி பேசுவதோ வாயைக் கழுவச் சொல்வதோ வேண்டாம். “தெரியாம சாப்பிட்டுட்ட, பரவாயில்லை. அடுத்த தடவை கேட்டுக்கலாம்” என்பதோடு முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை குழந்தை மறைக்கத் தொடங்கும்.

ஏழாம் படி: காரணத்தைச் சொல்லுதல்

மூன்று, நான்கு வயதில் “நம்ம வீட்டுல விலங்குகளைச் சாப்பிடறதில்லை” என்பதே போதும். ஆறு, ஏழு வயதில் ஏன் என்ற கேள்வி வரும். அப்போது உங்கள் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். அது உயிரிரக்கமாக இருக்கலாம், சமய நெறியாக இருக்கலாம், சுற்றுச்சூழலாக இருக்கலாம். கொலைக்களக் காட்சிகளைக் காட்டி அச்சத்தால் கட்டிவைப்பது மட்டும் கூடாது. அச்சம் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். பகலில் நண்பனின் தட்டைக் கண்டு வெறுப்பாக மாறும்.

“அப்படின்னா என் ஃப்ரெண்டு கெட்டவனா?” என்று ஒருநாள் குழந்தை கேட்கும். இந்தக் கேள்விக்கு நீங்கள் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் அல்லன், அவன் வீட்டில் அவனுக்கு அன்போடு கொடுப்பதை அவன் உண்கிறான், உன் வீட்டில் நாங்கள் வேறு மாதிரி முடிவு செய்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். நீங்களும் பிறர் உணவைப் பற்றி வீட்டில் இழிவாகப் பேசாமல் இருக்க வேண்டும், ஏனெனில் நீங்கள் சமையலறையில் சொன்னதைத்தான் குழந்தை வகுப்பறையில் திரும்பச் சொல்லும். பிறர் கேலி செய்தால் அது வேறு விஷயம். ஒரு முறை என்றால் குழந்தையே பதில் சொல்லட்டும், தொடர்ந்தால் ஆசிரியரிடம் நீங்கள் பேச வேண்டும்.

எட்டாம் படி: முடிவைக் கைமாற்றிக் கொடுத்தல்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நண்பர்களோடு வெளியே உண்ணத் தொடங்கும் பிள்ளையின் தட்டை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. அதுவரை உங்களுடையதாக இருந்த முடிவு இனி மெல்ல மெல்ல அவர்களுடையதாக வேண்டும். இறைச்சியைச் சுவைத்துப் பார்க்க விரும்புவதாக மகன் சொன்னால், அதை உங்களிடம் சொல்லத் துணிந்ததையே முதலில் மதிக்க வேண்டும். வீட்டில் சமைக்க மாட்டோம் என்று நீங்கள் கூறலாம். அது உங்கள் உரிமை. வெளியில் என்ன உண்பது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். உண்டுவிட்டு மீண்டும் சைவத்துக்கே திரும்புபவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு; இரண்டு நிலையிலும் அவர் உங்கள் மேசையில் உட்கார்ந்து உண்ணும் பிள்ளைதான்.

இந்த வயதில் சைவத்திலேயே நிலைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் கண்காணிப்பு தேவை. 14 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் காரணமாக இரும்புத் தேவை 15 மில்லிகிராமாக உயர்கிறது. சைவத்துக்கான கூடுதலைச் சேர்த்தால் அது உணவால் மட்டும் எட்டுவதற்குக் கடினமான அளவு. முன்பு சைவமாக இருந்து திடீரென்று வீகனாக மாறி, அதன்பின் எண்ணெயையும் தானியத்தையும் ஒவ்வொன்றாக விலக்கி, எடையைப் பற்றியே பேசத் தொடங்கும் பிள்ளையிடம், கொள்கை என்ற பெயரில் உணவுக் கோளாறு ஒளிந்திருக்கக்கூடும். அப்போது கொள்கை விவாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரை நாட வேண்டும். மற்றபடி, அவர்களைச் சமையலறைக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். பயறு ஊறவைக்கவும், ஒரு முழு வேளைச் சைவ உணவைத் தானே சமைக்கவும், தன் பி12 மாத்திரையைத் தானே நினைவில் வைத்து எடுத்துக்கொள்ளவும் அறிந்த பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பும்போது, உடன் கொடுத்தனுப்ப வேண்டியது கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையும் அடுத்த பரிசோதனைக்கான நாளும் மட்டுமே.